கேதம் கேட்க வருகிறவர்கள்

1964ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஜாக்சன் நகர நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு நடந்துகொண்டிருந்தது. குற்றவாளிக் கூண்டில் பைரன் டி லா பெக்வித் என்ற வெள்ளை நிறவெறியர். கொல்லப்பட்டவர் மெட்கர் எவர்ஸ். கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க ஊர் ஊராக அலைந்த களப்பணியாளர். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ராஸ் பார்னெட் நீதிமன்றத்துக்குள் வந்தார். சில வாரங்களுக்கு முன்புவரை அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர் அவர். (அங்கே ஆளுநர் என்றால் நம்ம ஊர் ராஜ்பவன் ஆளுநர் மாதிரி நியமிக்கப்பட்டவர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சரைப் போல.) வந்தவர் எல்லார் முன்னிலையிலும் பெக்வித்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொல்லப்பட்டவரின் மனைவி மிர்லி எவர்ஸ் சாட்சி சொல்ல வந்திருந்த அதே நீதிமன்றத்தில்.

ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். அவர்களால் ஒருமித்த தீர்ப்புக்கு வர முடியவில்லை. அதே ஆண்டில் மறுவிசாரணை நடந்தது, மறுபடியும் அதே கதை. பெக்வித் தண்டிக்கப்பட்டது 1994இல். முப்பது ஆண்டுகள் இந்தக் கொலைக்கான தண்டனை அவரைத் தொடவில்லை.

துப்பாக்கிக்குப் பலியானவர்களின் இறுதிச்சடங்குக்கு மக்கள் பிரதிநிதிகள் போக வேண்டுமா, கூடாதா என்ற கேள்வி அமெரிக்காவில் பெரிய துப்பாக்கிச் சூடு ஒவ்வொன்றுக்கும் பிறகு எழும். போனால் விளம்பரம் என்பார்கள், போகாவிட்டால் அலட்சியம் என்பார்கள். நம் கூட்டங்களிலும் இதே விவாதம் வேறு வடிவில் நடக்கிறது: அமைச்சர் வருகிறாராம், தெருவுக்குள் விடுவதா வேண்டாமா? இளம் தோழர்கள் சிலர் "வரட்டும், அப்போதுதான் டிவியில் வரும்" என்கிறார்கள். சிலர் "கறுப்புக் கொடி காட்டுவோம்" என்கிறார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் வரலாற்றில் யார் யாருடைய சாவுக்குப் போனார்கள், போய் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது என்று நினைக்கிறோம்.

நம் நிலைப்பாட்டை மறைக்க வேண்டியதில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறோம். சாவு வீட்டுக்குள் யாரை விடுவது என்பதை அந்த வீடுதான் முடிவு செய்ய வேண்டும். கட்சியோ, போலீஸோ, ஏன், நம் இயக்கங்களோகூட அதை முடிவு செய்யக் கூடாது. சுட்டது அரசின் துப்பாக்கி என்றாலோ, சுட்டவனுக்கு அரசு அரணாக நின்றாலோ, ஆட்சியில் இருப்பவர் கேதம் கேட்க வந்த உறவுக்காரர் ஆகிவிட முடியாது. அவர் பதில் சொல்லக் கடன்பட்டவர். பார்னெட்டின் கைகுலுக்கலை முதலில் சொன்னது அதனால்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எங்கே போவது என்பதை எப்போதும் தேர்ந்தெடுத்துத்தான் போகிறார்கள்.

சாவுக்குப் போவது வெறும் மரியாதைச் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். ஊரில் ஒரு சாவு என்றால் சேரிக்கு எத்தனை வேலை! இழவு சொல்லப் பத்து ஊருக்கு நடக்க வேண்டும். பறையடிக்க வேண்டும். குழி வெட்ட வேண்டும். கட்டை அடுக்கி விடிய விடியப் பிணம் எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சேரியில் ஒருவர் செத்தால் ஊரிலிருந்து ஒரு ஆள் வந்து எட்டிப் பார்க்க மாட்டார். வருவது இருக்கட்டும், பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பாதை விட மாட்டார்கள். யார் சாவுக்கு யார் வருகிறார் என்பது சாதியின் கணக்குப் புத்தகம். நிறவெறிக்கும் அப்படி ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது.

மெட்கர் எவர்ஸ் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்காகச் சண்டை போட்ட சிப்பாய். 1963 ஜூன் 11 இரவு அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, குடிமை உரிமைச் சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். அதற்குச் சில மணி நேரம் கழித்து, நள்ளிரவு தாண்டி வீடு திரும்பிய எவர்ஸைக் காரை விட்டு இறங்கியதும் முதுகில் சுட்டார்கள். வயது 37. உள்ளே மனைவியும் மூன்று குழந்தைகளும் விழித்திருந்தார்கள்.

ஜாக்சனில் நடந்த இறுதிச்சடங்குக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் வந்தார். ஐ.நா.வில் பணியாற்றி நோபல் பரிசு பெற்ற ரால்ப் பஞ்ச் வந்தார். பார்னெட் வரவில்லை. மௌன ஊர்வலத்துக்கு மட்டும்தான் நகர நிர்வாகம் அனுமதி கொடுத்திருந்தது. ஊர்வலம் முடிந்ததும் இளைஞர்கள் பாட ஆரம்பித்தார்கள், வெள்ளையர் கடைவீதிப் பக்கம் திரும்பினார்கள். உடனே தடியும் நாயுமாகப் போலீஸ் வந்து நின்றது. கற்களும் பாட்டில்களும் பறந்தன. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் துப்பாக்கி பேசியிருக்கும். அப்போது ஜான் டோர் என்பவர் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இரண்டு தரப்புக்கும் நடுவே வெறுங்கையோடு நடந்து வந்து, கூட்டத்தைப் பேசிப் பேசிக் கலைந்துபோக வைத்தார். அவர் யாராலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை. ஒன்றிய நீதித்துறை அமைச்சகத்தின் வழக்கறிஞர், ஓர் அதிகாரி. அன்று ஜாக்சன் தெருவில் அரசாங்கம் என்ற பெயருக்குத் தகுதியாக நின்றது அவர் ஒருவர்தான்.

நாலு நாள் கழித்து எவர்ஸின் உடல் தலைநகரை ஒட்டிய ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் முழு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. கென்னடி குடும்பத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மிசிசிப்பிக்கு அவர் போகவில்லை. அங்கே போனால் தென் மாநிலத்து வெள்ளையர் ஓட்டு போய்விடும் என்ற கணக்கு அந்தக் காலத்து ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் எல்லாரிடமும் இருந்ததுதான். துக்கத்தை வெள்ளை மாளிகைக்கு வரவழைக்கலாம், அதிபர் துக்க வீட்டுக்குப் போக முடியாது. நமக்குப் பழக்கமான ஏற்பாடு. நம்மையும் கோட்டைக்கு வரச்சொல்லித்தான் காசோலை கொடுப்பார்கள்.

அடுத்து அலபாமா மாநிலத்தின் மேரியன் என்ற சிற்றூர். இந்த ஒரு சாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதிலிருந்துதான் ஒரு சட்டமே பிறந்தது.

1965 பிப்ரவரி 18 இரவு. கைதான ஓர் இளம் போராளிக்காகத் தேவாலயத்திலிருந்து சிறையை நோக்கி மக்கள் நடந்தார்கள். தெருவிளக்குகள் அணைந்தன. மாநிலப் போலீஸ் அடிக்க ஆரம்பித்தது. அடிபட்ட 82 வயதுத் தாத்தா கேஜர் லீயையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு 26 வயது ஜிம்மி லீ ஜாக்சன் பக்கத்திலிருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் ஓடினார். போலீஸ் உள்ளேயும் வந்தது. அம்மாவை அடிக்கப் போனவர்களைத் தடுத்த ஜிம்மியின் வயிற்றில் ஒரு காவலர் சுட்டார். ஜிம்மி பலமுறை வாக்காளராகப் பதிவு செய்ய முயன்று திருப்பி அனுப்பப்பட்டவர். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். அந்த எட்டு நாளில் ஆட்சித் தரப்பிலிருந்து அவரைப் பார்க்க வந்தவர் ஒருவர் உண்டு: மாநிலப் போலீஸ் தலைவர் அல் லிங்கோ. படுக்கையில் கிடந்தவரிடம் கைது வாரண்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 3ஆம் தேதி அடக்கம். கிங்கின் இரங்கல் உரை யார் மனதையும் தேற்றுவதற்காகப் பேசப்பட்டது இல்லை. ஜிம்மியைக் கொன்றது யார் என்று அவர் ஒரு பட்டியல் போட்டார். சட்டத்தின் பேரால் சட்டத்தை மீறும் ஷெரீப்கள், ஆளுநரில் தொடங்கிக் கீழ்வரை வெறுப்பை ஊட்டி ஓட்டு வாங்கும் அரசியல்வாதிகள், வியட்நாமுக்குப் படையனுப்பப் பணமிருந்தும் சொந்தக் குடிமக்களைக் காக்கத் துணியாத ஒன்றிய அரசு. கடைசியாக, ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும் கறுப்பின மக்களையும் அவர் விடவில்லை. அந்த மேடையில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் உட்கார்ந்திருந்தால் இந்த உரை எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்சியாளர் வந்து உட்காரும் இறுதிச்சடங்கில் பேச்சாளரின் வாய் பாதி கட்டப்பட்டுவிடும். பாதுகாப்புக்காகக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவார்கள். பெற்ற தாயே இரண்டாவது வரிசைக்குப் போய்விடுவார். வராமல் இருந்ததால் கிடைத்த சுதந்திரம் அது.

வராதவரை என்ன செய்வது? கிங்கின் தோழர் ஜேம்ஸ் பெவல் ஒரு வழி சொன்னார். ஆளுநர் நம் சாவுக்கு வர மாட்டார் என்றால், சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைநகர் மாண்ட்கமரிக்கு நடந்தே போவோம், வாலஸின் சட்டமன்றப் படிக்கட்டில் கொண்டுபோய் வைப்போம். உடலை அடக்கம் செய்துவிட்டார்கள். யோசனையை அடக்கம் செய்யவில்லை. செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு 54 மைல். மார்ச் 7 ஞாயிறு, சுமார் 600 பேர் புறப்பட்டார்கள். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் குதிரைப் போலீஸும் கண்ணீர்ப்புகையும் அவர்களை என்ன செய்தன என்பதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மார்ச் 25இல் தலைநகரை அடைந்தபோது கூட்டம் 25,000. ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. செல்மா நடைபயணம் என்று நாம் பாடப்புத்தகத்தில் படிப்பது, வேர் வரை போனால், ஒரு பிணத்தை ஆட்சியின் வாசலுக்குக் கொண்டுபோகும் திட்டம்தான்.

இதே வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. மார்ச் 9 இரவு செல்மாவில் ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளைப் போதகரை நிறவெறியர்கள் கட்டையால் அடித்தார்கள். இரண்டு நாளில் இறந்தார். நல்ல மனிதர், நமக்காக வந்து செத்தவர், அவருக்கு நம் வணக்கம். அதிபர் ஜான்சன் ரீப்பின் மனைவியிடம் தொலைபேசியில் பேசினார். மார்ச் 15 அன்று நாடாளுமன்றத்தில் வாக்குரிமை பற்றி ஆற்றிய புகழ்பெற்ற உரையில், செல்மாவில் கொல்லப்பட்ட தேவ ஊழியரை நினைவுகூர்ந்தார். ஜிம்மி லீ ஜாக்சன் அந்த உரையில் இல்லை. அதே மாதக் கடைசியில் டெட்ராய்ட்டிலிருந்து வந்து ஊர்வலத்தாருக்குக் கார் ஓட்டிய வயலா லியூசோ என்ற வெள்ளைப் பெண்ணைக் கூ கிளக்ஸ் கிளான் சுட்டுக் கொன்றது. மறுநாளே ஜான்சன் தொலைக்காட்சிக்கு வந்து, குற்றவாளிகள் கைதாகிவிட்டார்கள் என்று தானே அறிவித்தார். ஜிம்மியைச் சுட்ட காவலர் வேலையில் நீடித்தார். ஒரு கறுப்பினத்தவர் செத்தால் நாடு அசையாது, அசைய வேண்டுமென்றால் ஒரு வெள்ளையர் சாக வேண்டும் போல என்று ஸ்டோக்லி கார்மைக்கேல் கசந்து பேசியது இதைப் பார்த்துத்தான். ஆட்சியாளரின் துக்கத்துக்கும் நிறம் இருந்தது.

சுடச் சொன்னவரே தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றால்?

1969 டிசம்பர் 4 விடியற்காலை, சிகாகோவில் கரும் சிறுத்தைகளின் இளம் தலைவர் பிரெட் ஹாம்ப்டன் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்குள் போலீஸ் சுட்டுக்கொண்டே நுழைந்தது. ஹாம்ப்டனுக்கு வயது 21. கூடவே 22 வயது மார்க் கிளார்க்கும் கொல்லப்பட்டார். அந்தச் சோதனையை நடத்தியது மாவட்ட அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹன்ரஹனின் அலுவலகம். அங்கே அந்தப் பதவிக்கும் தேர்தல் உண்டு. கடுமையான துப்பாக்கிச் சண்டை நடந்தது என்றார் ஹன்ரஹன். சிறுத்தைகள் சுட்ட குண்டுத் துளைகள் என்று கதவின் படங்களைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். போய்ப் பார்த்தால் அவை ஆணித் தலைகள். போலீஸ் சுட்டது எண்பதுக்கும் மேல், உள்ளே இருந்தவர்கள் பக்கம் ஒன்றே ஒன்று என்று பின்னர் விசாரணையில் வந்தது. இங்கே "என்கவுன்டர்" செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இதில் எந்த வரியும் புதிதாகத் தெரியாது.

ஹாம்ப்டனின் இறுதிச்சடங்கில் சுமார் 5,000 பேர். ரால்ப் அபர்னாதியும் ஜெஸ்ஸி ஜாக்சனும் பேசினார்கள். அதைவிட முக்கியமாக நாம் நினைப்பது வேறொன்றை. போலீஸ் அந்த வீட்டைப் பூட்டி முத்திரை வைக்காமல் போய்விட்டது. சிறுத்தைகள் கதவைத் திறந்துவிட்டு ஊர் மக்களை வரிசையில் வரவழைத்தார்கள். கிழவிகள், பள்ளிப் பிள்ளைகள், கூலித் தொழிலாளிகள் என்று ஆயிரக்கணக்கானோர் ரத்தம் ஊறிய மெத்தையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 1972 தேர்தலில் ஹன்ரஹன் தோற்றார். கண்ணை மூடிக்கொண்டு அவர் கட்சிக்கே ஓட்டுப் போட்டு வந்த கறுப்பின வாக்காளர்கள் அந்த ஒரு பெயரைத் தேடித் தோற்கடித்தார்கள். அதே 1972இல்தான் பம்பாயில் நம் தோழர்கள் தலித் சிறுத்தைகளைத் தொடங்கினார்கள், பெயரை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு. ஹாம்ப்டனோடு இயக்கத்தில் இருந்த பாபி ரஷ் பின்னாளில் சிகாகோவிலிருந்து நாடாளுமன்றம் போய் முப்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். 1999இல் அவருடைய மகனே துப்பாக்கிக்குப் பலியானார். துப்பாக்கிச் சாவில் ஒரு மக்கள் பிரதிநிதி வெளியாள் இல்லாமல், வீட்டு ஆளாகவே நிற்கிற காலமும் வந்தது.

சரி, வந்தவர்களைப் பற்றிப் பேசுவோம். வந்ததால் ஏதாவது நடந்ததா?

நடந்தது என்று சொல்ல ஒரு நேர்மையான உதாரணம் உண்டு. 2015 ஜூன் 17, தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன். இமானுவேல் தேவாலயத்தில் விவிலிய வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது கறுப்பினத்தவர்களை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் அந்தச் சபையின் போதகர் கிளமென்டா பிங்க்னி மாநில செனட்டரும்கூட. ஆளுநராக இருந்தவர் நிக்கி ஹேலி, பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியக் குடும்பத்துப் பெண், குடியரசுக் கட்சிக்காரர். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி அப்போது சட்டமன்ற வளாகத்தில் பறந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டுத் தேர்தல் விவாதத்தில் அந்தக் கொடியைப் பற்றிக் கேட்டபோது, எந்தக் கம்பெனி முதலாளியும் தன்னிடம் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை என்று பதில் சொன்னவர் இவர். பிங்க்னியின் உடல் அந்தக் கொடியைத் தாண்டித்தான் சட்டமன்றத்துக்குள் கொண்டுபோகப்பட்டது. உள்ளேயிருந்து கொடி தெரியாமலிருக்க ஜன்னலுக்குத் துணி போட்டு மறைத்தார்கள்.

ஹேலி ஒன்பது பேரின் இறுதிச்சடங்குக்கும் போனார். ஒன்பதுக்கும். அதிபர் ஒபாமா ஜூன் 26 அன்று பிங்க்னிக்கு இரங்கல் உரையாற்றி, நடுவே பாடவும் செய்தார். கொடியையும் பேசினார், துப்பாக்கியையும் பேசினார். மறுநாள் பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறிக் கொடியை அவிழ்த்துக் கைதானார். ஜூலை 9 ஹேலி கொடியை இறக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார், மறுநாள் கொடி இறங்கியது. கையெழுத்துப் போட ஒன்பது பேனாக்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று.

இதை நாடகம் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட நாம் தயாராக இல்லை. ஒன்பது சவப்பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு, கம்பெனி முதலாளிகளின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாமல் போயிருக்கலாம். ஆனால் இறங்கியது கொடி மட்டும்தான். பின்னணிச் சோதனை மூன்று வேலை நாட்களில் முடியாவிட்டால் துப்பாக்கியை விற்றுவிடலாம் என்ற சட்ட ஓட்டை வழியாகத்தான் அந்தக் கொலையாளி ஆயுதம் வாங்கியிருந்தான். அதை அடைக்கும் மசோதா 2019இலும் 2021இலும் கீழவையில் நிறைவேறியது. இரண்டு முறையும் செனட்டைத் தாண்டவில்லை. செலவில்லாத மரியாதையை ஆட்சி கொடுத்துவிடும். துப்பாக்கிக் கம்பெனிக்காரனின் வருமானத்தில் கை வைப்பது என்றால் அதே ஆட்சிக்குக் கை நடுங்கும்.

2013இல் சிகாகோவில் 15 வயது மாணவி ஒருத்தி பூங்காவில் சுடப்பட்டு இறந்தாள். சில நாட்களுக்கு முன்புதான் ஒபாமாவின் பதவியேற்பு விழாக் கொண்டாட்டத்தில் பள்ளிக் குழுவோடு ஆடிவிட்டு வந்த பெண். மிஷேல் ஒபாமா அடக்கத்துக்கு வந்தார். அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை என்றாலும் அந்த வருகை அதிபரின் வருகை போலத்தான். முந்தைய ஆண்டில் மட்டும் சிகாகோவில் 500 பேருக்கு மேல் கொலையுண்டிருந்தார்கள். அந்த வீடுகளின் வாசலுக்கு யார் வந்தார்கள்? பதவியேற்பு விழாவில் ஆடாத பிள்ளைகளின் சாவு சாவில்லையா? அந்த மாணவியின் பெற்றோரை அதிபரின் ஆண்டு உரைக்கு விருந்தினராக அழைத்து நாடாளுமன்றத்தில் உட்கார வைத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து, பின்னணிச் சோதனையை விரிவாக்கும் திருத்தம் செனட்டில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 54, தேவைப்பட்டது 60. கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்த எதிர் ஓட்டுக்காரர்களுக்குள் இருந்திருப்பார்கள்!

வர வேண்டாம் என்று சொன்ன ஊரும் உண்டு. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகர யூத வழிபாட்டிடத்தில் பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடியேறிகள் மீது வெறுப்பைக் கக்கியவன் செய்த கொலை அது. அதே வெறுப்பைத் தேர்தல் மேடைகளில் பேசிக்கொண்டிருந்த அதிபர் டிரம்ப் வருகிறார் என்றதும், இறந்தவர்களைப் புதைக்கும் நேரத்தில் வராதீர்கள் என்று நகர மேயர் பில் பெடுட்டோ கேட்டுக்கொண்டார். முதல் அடக்கங்கள் நடந்த அன்றே டிரம்ப் வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். துக்க வீட்டார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதிபருக்கும் அது பொருந்தும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் மண்ணைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் தனியாள் கையில் துப்பாக்கி. இங்கே நம்மைப் பார்த்து நீளும் துப்பாக்கி பெரும்பாலும் போலீஸ் கையில். 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடி ஐந்துமுக்கில் போலீஸ் சுட்டது. தலித் மக்கள் ஆறு பேர் இறந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூடு நியாயமே என்ற முடிவுக்கு வந்தது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் போராடிய மக்களில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதலமைச்சர். 144 தடையுத்தரவைக் காரணம் காட்டி அவர் அந்தப் பக்கம் போகவில்லை. டிவியைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாக அவர் சொன்னது சரியில்லை என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் பதிவு செய்தது. தன் காவல்துறை சுட்டதைத் தான் அறியவில்லை என்று சொல்பவர் மாலையோடு வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

தூத்துக்குடிக் குடும்பங்கள் உடல்களை வாங்க மறுத்தன. வன்கொடுமைக் கொலைகளில் நம் மக்கள் காலங்காலமாகச் செய்வது இது. ஜி.ஹெச். பிணவறை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். பிணத்தை வைத்து அரசியல் செய்கிறார்கள் என்று டிவி விவாதத்தில் நக்கலடிப்பார்கள். பெவல் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு 54 மைல் நடக்கச் சொன்னதும் இதே அரசியல்தான். ஆட்சி வாசலுக்கு வராதபோது அடக்கத்தைத் தள்ளிப்போடுவது ஒன்றுதான் ஏழை கையில் மிஞ்சும் பிடி. ஆனால் அந்தப் பிடியை எப்போது விடுவது என்பதையும் பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு நாள் தாங்குங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. பிணவறை வாசலில் பட்டினியோடு உட்கார்ந்திருப்பது நாம் இல்லை, அந்தத் தாய்.

நம் சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. சவப்பெட்டி, மாலை, கேமரா எதுவும் அதற்குத் தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 12: வன்கொடுமை நடந்த இடத்துக்கு மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்தாக வேண்டும். பெரிய மனதுபண்ணி வருவது இல்லை, வர வேண்டியது அவர்கள் கடமை. விதி 16: முதலமைச்சர் தலைமையில் மாநில அளவிலான கண்காணிப்புக் குழு. ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஜனவரியிலும் ஜூலையிலும், அது கூட வேண்டும். முதலமைச்சர் நம் சாவுக்கு வந்தாரா என்று கேட்கும் தோழர்கள், அந்த ஜனவரியிலும் ஜூலையிலும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாரா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டுக் கேளுங்கள். எந்தக் கட்சி ஆட்சி என்று பார்க்காமல், ஆண்டுவாரியாகக் கேளுங்கள். கூட்டக் குறிப்பின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஜிம்மி லீ ஜாக்சன் வழக்கின் மீதிக் கதையைச் சொல்ல வேண்டும். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு மேரியன், செல்மா பகுதியில் கறுப்பின மக்கள் பெருவாரியாக வாக்காளர்கள் ஆனார்கள். 2004இல் அந்தப் பகுதிக்கு மாவட்ட அரசு வழக்கறிஞராக அவர்கள் தேர்ந்தெடுத்தது மைக்கேல் ஜாக்சன் என்ற கறுப்பினத்தவரை. (பாடகர் இல்லை. ஜிம்மியின் உறவினரும் இல்லை.) அடுத்த ஆண்டு, ஓய்வு பெற்ற காவலர் ஜேம்ஸ் பொனார்ட் ஃபவுலர் ஒரு பத்திரிகையாளரிடம் அன்று சுட்டது நான்தான், தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சாவகாசமாகச் சொல்லியிருந்தார். ஜாக்சன் பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்தார். 2007இல் ஃபவுலர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 2010 நவம்பரில், 77 வயதில், குறைந்த பிரிவு ஒன்றின் கீழ் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை ஆறு மாதம். உடல்நிலையைக் காட்டி ஐந்தாவது மாதமே வெளியே வந்துவிட்டார்.